தோணியம்மாவின் தொண்டை

ஜூன் 3, சனி

வங்கியில் கொடுத்த டைரி. ஐந்து மாதம் அலமாரியில் தூங்கியது. சொட்டு மருந்து விட்ட நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் இன்று எழுப்பியிருக்கிறேன். வலது கண். புரை எடுத்து மூன்றாம் நாள்.

காலை 7, 11, மாலை 3, 7. நான்கு வேளையும் விட்டாயிற்று. விட்டவள் செண்பகம். குறித்தவன் நான்.

போன் பார்க்கக் கூடாது, டிவி கூடாது, குனியக் கூடாது. கோபப்படக் கூடாது என்பதைச் செண்பகம் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடமாகச் சேர்க்கக் காத்திருந்தாள் போல.

ஜூன் 5, திங்கள்

7, 11, 3, 7.

போன் பார்க்க முடியாததால் செண்பகத்தை வாசிக்கச் சொன்னேன். 'தோணிக்காரர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். 'நட்சத்திரத் தோணி' என்ற வெளிநாட்டு விண்வெளிப் படங்களின் தமிழ் ரசிகர்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஆறு பாகம் வந்துவிட்டது. ஆறுக்கும் தமிழ் வசனம் எழுதியவன் அடியேன், விழுப்புரம் திருவேங்கடம். அப்படி ஒருவன் உள்ளே இருப்பது குழுவில் யாருக்கும் தெரியாது. அங்கே என் பெயர் செவ்வாய்க்காரன், எண்ணும் வேறு. நாலு வருடம் முன்பு வேவு பார்க்கப் போனேன், அங்கேயே குடியேறிவிட்டேன்.

அங்கே சதா ஒரே சண்டை. தொடர் தேய்ந்துவிட்டதா, இல்லையா? தேய்ந்தது என்பவர்களுக்குத் தலைவி நஸீமா, கரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிற பெண். இல்லை என்பவர்களுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. செவ்வாய்க்காரன்தான் அதிகம் கத்துவான்.

செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கடைப் பட்டியல் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"நஸீமா எழுதியிருக்கு. 'மொத மூணு பாகத்துல கப்பல் நம்ம கூடவே வந்த ஆளு மாதிரி பேசும். நாலாவதுல இருந்து அது வெறும் மிஷினு. கதை பெருசாச்சு, கிராஃபிக்ஸ் பெருசாச்சு, கப்பல்ல குடியிருந்த உசுரு போச்சு.' யாருங்க இந்தப் பொண்ணு, நல்லா எழுதுதே?"

"பதில் போடு. உங்களுக்கு வயசாகிவிட்டது, படத்துக்கு இல்லை."

"ஐயோ, பொம்பளப் புள்ளைகிட்ட வயசப் பத்தியா?"

"போடு."

போட்டாள். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

ஜூன் 9, வெள்ளி

7, 11, 3. ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வந்ததால் எட்டு.

குழு நிர்வாகி டேவிட் அருள்ராஜ், ஈரோட்டில் கல்லூரி ஆசிரியர். அவர் இன்று ஒரு அறிவிப்பு போட்டார். ஏழாம் பாகம் வரப்போகிறது, அதுவே கடைசி. அதற்கு முன் இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டப் பட்டிமன்றம். 'நட்சத்திரத் தோணி: தேய்ந்ததா, வளர்ந்ததா?' ஜூலை 9, ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். தேய்ந்தது அணிக்கு நஸீமா.

விண்வெளிப் படத்துக்குப் பட்டிமன்றம். நம் ஆட்களைத் தவிர இந்தப் பூமியில் வேறு யாருக்கும் தோன்றாது. சிரித்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது, செண்பகம் திட்டினாள்.

ஜூன் 10, சனி

7, 11, 3, 7.

காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. டேவிட் அருள்ராஜ். பழைய படத்தின் எழுத்துப் பட்டியலில் என் பெயரைப் பார்த்து, டப்பிங் சங்கத்தில் எண் வாங்கியிருக்கிறார்.

"ஐயா, 'கதவச் சாத்தறேன் கண்ணு' எழுதுன கை உங்க கை. நடுவரா நீங்க வரணும். உங்களத் தவிர இந்தத் தீர்ப்பச் சொல்றதுக்கு யாருக்கு அருகதை இருக்குது?"

சரி என்று சொல்லிவிட்டேன். அருகதை என்று அவர் சொன்னபோதே போனை வைத்திருக்க வேண்டும்.

அந்த வரியைப் பற்றி ஒன்று குறித்துவைக்கிறேன். தோணியில் ஒரு கணினி பேசும். திரையில் முகம் கிடையாது, வெறும் குரல். டப்பிங்கில் எங்களுக்குப் பெரிய தலைவலி உதடு. வெளிநாட்டுக்காரன் வாய் மூடுகிற இடத்தில் தமிழும் வாயை மூட வேண்டும். இந்தப் பாத்திரத்துக்கு உதடே இல்லை. எதை வேண்டுமானாலும் பேசலாம். அதனால்தான் அந்த வரிகள் அவ்வளவு நன்றாக அமைந்தன. ரசிகர்கள் அதற்குத் தோணியம்மா என்று பெயர் வைத்தார்கள்.

முதல் மூன்று பாகத்துக்கும் குரல் கொடுத்தவர் துளசிமணி, கொங்குப் பக்கத்துக்காரர். நாலாவதுக்கு முன் அவருக்குத் தொண்டை போய்விட்டது. பாவம். வேறு ஆள் போட்டோம். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 14, புதன்

7, 11, 3, 7. மிக்ஸி ஜார் பழுது. முன்னூற்றைம்பது கேட்கிறான்.

ஜூன் 17, சனி

7, 11, 3, 7.

நஸீமா குழுவில் இரண்டு ஒலித்துண்டு போட்டிருக்கிறாள். ஒன்று மூன்றாம் பாகம், ஒன்று நான்காம் பாகம். இரண்டிலும் விண்கலத்தின் காற்றறைக் கதவு மூடுகிற கட்டம். கீழே, 'காதால கேட்டுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க' என்று எழுதியிருந்தாள்.

செண்பகம் சத்தமாக வைத்தாள். முதலில் துளசிமணி: "கதவச் சாத்தறேன் கண்ணு, தள்ளி நில்லு." அடுத்தது புதிய பெண்: "காற்றறை மூடப்படுகிறது. விலகி நிற்கவும்."

செண்பகம் முதல் துண்டை மறுபடி வைத்தாள். பிறகு மறுபடி.

"என்னங்க, இந்தம்மாவுக்குத் தொண்டை போச்சுன்னுதானே சொன்னீங்க? மூணாவது படம் முடிஞ்ச அப்புறம் கேசட்டு கொண்டாந்து எனக்குப் போட்டுக் காமிச்சீங்களே. வெண்கலம் மாதிரி இருக்குன்னீங்களே."

"அது படம் முடிஞ்ச அப்புறம்தான் போச்சு."

"எப்படிப் போச்சு?"

"போச்சு என்றால் போச்சு. நீ என்ன டாக்டரா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

7 மட்டும். மற்றது மறந்துவிட்டேன். செண்பகமும் நினைவூட்டவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

7, 11, 3, 7.

டைரியில் பொய் எழுதுகிறவன் யாரை ஏமாற்றுகிறான் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். பத்தாம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்.

முதல் பாகத்துக்கு நான் எழுதிக்கொடுத்த வரி, "காற்றறை மூடப்படுகிறது, விலகி நிற்கவும்." துளசிமணி ஒலிப்பதிவுக் கண்ணாடிக்குள் நின்று தாளைப் பார்த்தார். "அய்யா, கதவச் சாத்தறதுக்கு இத்தனை சங்கடமாங்க?" என்றார். பிறகு தானாகவே, 'கதவச் சாத்தறேன் கண்ணு' என்று மாற்றிச் சொன்னார். உதடு இல்லாததால் எந்தத் தடையும் இல்லை, ஒரே எடுப்பில் ஓகே. மூன்று படத்திலும் தோணியம்மா பேசி ஜனங்கள் கைதட்டிய வரிகளில் பாதிக்கு மேல் அவர் மைக்கில் நின்றபடி மாற்றியவை. நான் தாளில் திருத்தி என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டேன். தொழிலில் அது வழக்கம். பேசுகிறவர் மாற்றுவார், எழுதுகிறவர் பெயர் வாங்குவார். அதற்காக யாரும் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

அதற்காக இல்லை. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

ஜூன் 24, சனி

7, 11, 3, 7. கண் பரிசோதனை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இனி போன் பார்க்கலாம். பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் பாகம் நூறு நாள் ஓடியது. ஒரு சங்கத்தில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், அந்தக் கதவு வரிக்கு. அடுத்த நாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இனிப்பு கொடுத்தேன். துளசிமணியும் வந்திருந்தார். யாரோ, "அண்ணே, கதவு வசனம் எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் துளசிமணி சிரித்துக்கொண்டே, "அது எங்கூர்ல பட்டிக் கதவச் சாத்தறப்ப ஆட்டுக்குட்டிகிட்டச் சொல்றதுங்க. அய்யா அதுக்குப் போயி கேடயம் வாங்கிட்டாருங்க" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனதில் கள்ளம் இல்லை. லட்டைப் பிட்டுக்கொண்டு நின்றார்.

நாலாவது பாகத்துக்கு முன் விநியோகக் கம்பெனி மேலாளர் ஜெயசீலன் கேட்டார், "பழைய டீம்தானே?" நான் சொன்னேன், "துளசிமணிக்குக் குரல் உடையுது சார். மைக்ல தெரியுது." அதோடு நான் விட்டிருக்கலாம். அப்போது துளசிமணி குடியிருந்த வீட்டுக்கே போய் அவரிடமும் சொன்னேன். கம்பெனியை நேரில் போய்க் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. மிகவும் பரிவாகச் சொன்னேன். "உங்க நல்லதுக்குச் சொல்றேன்மா, தொண்டையைக் கெடுத்துக்காதீங்க."

அவர் குரலில் ஒரு கோளாறும் இல்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

செண்பகத்திடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"பன்னெண்டு வருசமா தெரியாதா?"

"தெரியாது என்றால் விடேன்."

"ஈரோட்டுக்குப் போறீங்கல்ல. அவங்க ஊரு அந்தப் பக்கம்தானே. மேடையில போய் நீதிமான் வேசம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க." அதோடு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 1, சனி

7, 3. சொட்டு இரண்டு வேளையாகக் குறைந்தது.

ஜெயசீலன் அழைத்தார். ஏழாம் பாகம் அடுத்த மாதம் ஒலிப்பதிவு. இந்த மாதம் பதினைந்துக்குள் குரல்களை முடிவு செய்ய வேண்டும். "ரசிகருங்க பழைய கப்பல் குரலத்தான் கேக்கறாங்க. அந்தம்மா தொண்டை சரியாயிருக்குமா?" என்றார்.

விசாரிக்கிறேன் என்றேன். பிறகு சங்கத்து ராமலிங்கத்திடம் விலாசம் வாங்கினேன். கவுந்தப்பாடி. ஈரோட்டிலிருந்து ஒரு மணிநேரப் பயணம். பன்னிரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்த விலாசம் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. தொண்டை இப்போது தேறிவிட்டது என்று சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வேன். வேலை கிடைக்கும், பணம் கிடைக்கும், ரசிகர்கள் கொண்டாடுவார்கள். எல்லாம் சரியாகிவிடும். பழையதைக் கிளறவே வேண்டியதில்லை. செண்பகத்திடம் சொன்னேன். "உங்களுக்கு வசதிதான்" என்றாள்.

ஜூலை 8, சனி. ஈரோடு, விடுதி அறை

காலை ரயிலில் இறங்கி நேரே கவுந்தப்பாடி பஸ். வெல்ல மண்டிகளுக்குப் பின்னால் ஒரு தெரு. வீட்டின் முன்பக்கத்தில் சிறிய நோட்டுப் புத்தகக் கடை. கல்லாவில் துளசிமணி. தலை நரைத்திருக்கிறது. கழுத்தில் இந்த வெயிலிலும் ஒரு துண்டு.

ஒரு சிறுமி ஜியோமெட்ரி பெட்டி கேட்டாள். துளசிமணி எடுத்துக் கொடுத்து, அட்டையில் எழுதியிருந்த விலையை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. "அய்யா! வாங்க, வாங்க" என்றார். உதடு அசைந்தது. சத்தம் மூச்சுக்காற்று அளவுதான். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்டது. காபி கொடுத்தார், ஒரு தட்டில் நாட்டுச் சர்க்கரையும் வைத்தார்.

"ஏம்மா இவ்வளவு சின்னதாப் பேசறீங்க?"

"தொண்டைய மிச்சம் புடிக்கிறனுங்க. நீங்கதான சொன்னீங்க, கெடுத்துக்காதீங்கன்னு. அன்னையிலருந்து சத்தமாப் பேசறதே இல்லீங்க. அண்ணன் மகன் கல்யாணத்துக்குக் கூட வாழ்த்துப் பாடச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டனுங்க."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துவந்தார். கோபி, ஈரோடு, கோவை என்று ஐந்தாறு மருத்துவர்களின் சீட்டுகள். எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை, குரல்வளை நலம் என்றுதான் இருந்தது. கண் டாக்டரம்மாவின் சீட்டை விட இந்தச் சீட்டுகளை என்னால் நன்றாகப் படிக்க முடிந்தது.

"எல்லாருமே ஒண்ணுமில்லீன்னுதான் சொன்னாங்க. அவிகளுக்கென்னங்க தெரியும், டார்ச்சு அடிச்சுப் பாக்கறவிக. நீங்க மைக்குல கேட்டவிக. உங்களுக்குத் தெரியாததா?"

நாட்டுச் சர்க்கரை வாயில் கரைந்துகொண்டிருந்தது. துப்பவும் முடியவில்லை.

"வேற ஆரும் எங்கிட்ட நெசத்தச் சொல்லலீங்க. கம்பெனிக்காரங்களா இருந்தா கூப்புடாமயே விட்டிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் வீடு தேடி வந்து, பக்குவமாச் சொன்னீங்க. அதைய நான் மறக்கவே மாட்டனுங்க."

நான் என் யோசனையை எடுத்தேன். இப்போது குரல் தேறியிருக்கும், ஏழாவது பாகத்துக்கு வாங்க என்றேன். சிரித்துத் தலையாட்டினார்.

"வேண்டாமுங்க. மைக்கு முன்னால நின்னு மறுக்காவும் உடைஞ்சுதுன்னா எனக்குத் தாங்காது. உங்க பேரும் கெட்டுப்போகும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான் நம்புகிறார். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும், நானே சொன்னாலும், ஏறவில்லை. அது பொய் என்று நான் சொன்னால் ஒழிய அவர் வாயைத் திறக்கப்போவதில்லை.

சொல்லவில்லை. நாளைக்குப் பட்டிமன்றத்துக்கு வாங்க என்றேன். கூட்டத்தில் யாராவது பேசச் சொல்லிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். தெருமுனைவரை வந்து, கையசைத்து வழியனுப்பினார்.

சொட்டு வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு. ஈரோடு

மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். மாப்பிள்ளை உட்காரும் சிம்மாசனத்தை எனக்குப் போட்டிருந்தார்கள். மேலே காகிதத்தில் செய்த விண்கலம் காற்றாடிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

வளர்ந்தது அணி நன்றாகத்தான் பேசியது. முதல் பாகத்தில் ஒரு கிரகம், ஆறாவதில் நாற்பது கிரகம் என்றார்கள். கதாநாயகன் கிழவனாகி மகனிடம் கப்பலைக் கொடுக்கிற ஐந்தாம் பாகத்தைப் பார்த்து அழாதவன் மனிதனா என்று ஒரு பையன் கேட்டான். பலர் கைதட்டினார்கள்.

நஸீமா எழுந்தாள். சின்ன உருவம், கனத்த குரல். குழுவில் செவ்வாய்க்காரன் அவளை எத்தனை முறை கேலி செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் இங்கிலீஷ்லயும் ஆறையும் பாத்தேங்க. அங்க படம் தேயல. நாலாவது அங்க ஒசத்தி. நம்ம தமிழ்லதான் தேஞ்சுது. எங்க அத்தா எறந்த வருசம் நான் மூணாவது பாகத்த தியேட்டர்ல ஒம்பது தடவ பாத்தேன். கதைக்காக இல்ல. தள்ளி நில்லு கண்ணுன்னு ஒரு அம்மா சொல்வாங்கல்ல, அதக் கேக்கத்தான். நாலாவது படத்துல அவங்க இல்ல. ஏன் இல்லன்னு யாரும் சொல்லல. நடுவர் ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரே சொல்லட்டும்."

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் நான் எழுதிவைத்த தாள் இருந்தது. அதில் எல்லாம் இருந்தது.

தாளை எடுக்கவில்லை. தேய்ந்தது என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் துளசிமணி என்றும், அந்த வரிகள் அவருடையவை, என்னுடையவை அல்ல என்றும் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. பிறகு, "கம்பெனியில் யாரோ அவர் குரல் கெட்டுவிட்டதாகத் தவறாகச் சொல்லிவிட்டார்கள்" என்றேன்.

யாரோ.

எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு பெரிய எழுத்தாளர் எவ்வளவு பெருந்தன்மையாகப் பெயரை விட்டுக்கொடுக்கிறார் என்று டேவிட் அருள்ராஜ் மைக்கில் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். நஸீமா வந்து என் காலைத் தொட்டாள். தொடாதேம்மா என்று கத்திவிட்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

செண்பகத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அந்த யாரோ இன்னிக்கு எந்த ஊர்ல தங்கியிருக்காராம்?" என்று கேட்டாள்.

ஜூலை 10, திங்கள். ரயிலில்

காலை ஆறரைக்கு விடுதியைக் காலி செய்தேன். பஸ்ஸில் ஏறியதும் முதலில் ஜெயசீலனுக்குச் செய்தி அனுப்பினேன். 'துளசிமணியின் குரல் எப்போதும் கெட்டதில்லை. நான் சொன்னது பொய். பொறாமை. ஏழாம் பாகத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள், வசனத்துக்கு வேறு ஆள் பாருங்கள்.' திரும்பி வரும் வழி இல்லாமல் போகட்டும் என்றுதான் முன்கூட்டியே அனுப்பினேன். என்னை எனக்குத் தெரியும்.

கடை திறந்திருக்கவில்லை. வீட்டுக் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்தார். உள்ளே கூப்பிட்டார். போகவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். மேடையில் சொல்லாமல் மடித்து வைத்திருந்த தாள் உதவவில்லை. மூன்று வாக்கியம்தான் வந்தது.

"உங்க குரல் உடையவே இல்லைம்மா. நான் பொய் சொன்னேன். கம்பெனியிலும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புன்னகை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

"எதுக்குங்க?" என்றார். அதே மூச்சுக்காற்றுக் குரல்.

"கேடயம் வாங்கின மறுநாள் எல்லாரும் சிரிச்சாங்க. ஆட்டுக்குட்டின்னு நீங்க சொன்னதுக்கு."

"அதுக்கா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. துண்டை அவிழ்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஒரு பக்கம், மறுபக்கம். துண்டைத் திண்டில் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். கதவின் ஒரு பலகையைச் சாத்தினார். மற்றதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. பன்னிரண்டு வருடமாகப் போகாத இடத்துக்கு மூச்சு போய் வருவது எனக்கே தெரிந்தது.

"கதவச் சாத்தறேன் கண்ணு," என்றார். "தள்ளி நில்லு."

தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். மைக் இல்லாமல், திரை இல்லாமல், எங்கேயும் உடையாமல், கடைசி எழுத்து வரை முழுசாக வந்தது. நான் தள்ளி நின்றேன். கதவு சாத்திக்கொண்டது, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பஸ் வரும்வரை தெருமுனையில் நின்றேன். பொன்னாடையை வெல்ல மண்டித் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சொட்டு இன்றும் விடவில்லை.